கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள்: ஜெர்மனியில் இன்னொரு மருத்துவரிடம் கேட்கலாமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கும் 43 வயது வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு அங்கே போனவர். ஒன்பது வயதில் ஒரு மகன். பாலர் பள்ளி ஒன்றின் சமையலறையில் பகுதிநேர வேலை. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கின்போது அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. முதல் மூன்று நாட்கள் வெளியே போகவே பயமாக இருக்கிறது என்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவருக்குள் 6 சென்டிமீட்டர் அளவில் ஒரு நார்க்கட்டியும், கூடவே இரண்டு சிறிய கட்டிகளும் தெரிந்திருக்கின்றன. மகளிர் மருத்துவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்துவிட்டார்கள்.

"டாக்டர் வேகமாக ஜெர்மனில் பேசினார். என் கணவர்தான் மொழிபெயர்த்தார். சில இடங்களில் அவருக்கே கூச்சமாகிவிட்டது. 'எடுத்துவிடலாம் என்கிறார்' என்று மட்டும் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு, மருத்துவமனையில் கொடுத்த படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். பிறகு அறிக்கைகளைப் படம்பிடித்து, மதுரையில் இருக்கும் உறவுக்கார மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "தள்ளிப்போடாதே, விட்டால் கேன்சராகிவிடும். சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிடு" என்று பதில் வந்ததாம். அம்மாவோ, "இங்கே வந்து செய்துகொள், மூன்று மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். நம் தெருவில் எடுக்காதவர்கள் யார்?" என்கிறார்.

இன்னொரு மருத்துவரிடம் போனால் இவர் கோபித்துக்கொள்வாரா, காப்பீட்டில் அதற்கு இடமுண்டா, அறுவை சிகிச்சையை ஊரில் செய்துகொள்வதா ஜெர்மனியிலா என்பவை அவருடைய கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "இன்னொரு குழந்தை வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். ஆனாலும் கர்ப்பப்பை போய்விடும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்; ரத்தசோகைக்கு மருத்துவம் தொடங்குவது நாளைக்கே நடக்க வேண்டிய விஷயம். உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய், உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் அதை டீ, காபி, பாலோடு சேர்த்து விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, அறுவை சிகிச்சை நெருங்கிவிட்டது என்றாலோ இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக டிரிப்ஸாக ஏற்றலாம். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான். ஆனால் மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போகும் உடம்பில் அவை மட்டும் போதாது.

போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். பலருக்கு அது போக்கைப் பாதியளவு வரை குறைக்கிறது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. இது நிரந்தரத் தீர்வல்ல. ஆனால் நிதானமாக யோசிக்க உங்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கும். நாப்கின் மணிக்கு ஒன்று வீதம் நனைந்துகொண்டே போனாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ எந்த ஆலோசனைக்கும் காத்திருக்க வேண்டாம், 112ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லாதவரை உங்களுடையது அவசர அறுவை சிகிச்சை அல்ல. மூன்று வாரத்தில் தேதி கிடைத்தது என்பது மருத்துவமனையின் அட்டவணையில் அன்றைக்கு இடம் இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. அதற்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று உங்கள் நோய் கெடு வைக்கவில்லை. சொல்லப்போனால், திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு 8.4 ஹீமோகுளோபினோடு ஒருவரை மேசையில் ஏற்றுவதைவிட, முதலில் ரத்தத்தைத் தேற்றிவிட்டு ஏற்றுவதே பாதுகாப்பு.

கோபித்துக்கொள்வாரா?

மாட்டார். மாட்டார் என்பதைவிட, இன்னொருவரிடம் கேட்கலாம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவரே அவர்தான். ஜெர்மனியில் 2015இல் ஒரு சட்டம் வந்தது. அரசு முறைக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குச் சில குறிப்பிட்ட அறுவை சிகிச்சைகளுக்கு முன் தகுதி பெற்ற இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமையை அது தருகிறது. நம் ஊரில் செகண்ட் ஒப்பீனியன் என்போம், அங்கே ட்ஸ்வைட்மைனுங். 2018 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் முதலில் இருந்தவை இரண்டே இரண்டு: டான்சில் அறுவை சிகிச்சையும் கர்ப்பப்பை நீக்கமும். தோள்மூட்டு, முழங்கால் மூட்டு மாற்று, முதுகுத்தண்டு, பித்தப்பை எல்லாம் பிறகுதான் சேர்ந்தன.

எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எந்த அறுவை சிகிச்சைகள் தேவைக்கு மேல் செய்யப்படும் அபாயத்தை மறுக்க முடியாதோ, அவற்றுக்கே இந்த உரிமை என்று சட்டமே சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் வைக்கப்பட்ட இரண்டில் ஒன்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் இதே சிகிச்சை. ஆகவே இது நன்றிகெட்ட செயலும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கும் மருத்துவர், பொதுவாகப் பத்து நாட்களுக்கு முன்பாவது, இந்த உரிமை உண்டு என்று வாயாலும் எழுத்தாலும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த உறையைத் திறந்து பாருங்கள். அந்தத் தாள் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். அல்லது டாக்டர் வேகமாகப் பேசியபோது அதையும் சொல்லி, அது உங்கள் காதுவரை வராமல் போயிருக்கலாம்.

இந்த முறையில் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதற்கான செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கிறது. 116117 என்ற மருத்துவச் சேவையின் இணையப் பக்கத்தில், எந்த அறுவை சிகிச்சைக்கு யாரெல்லாம் இப்படிக் கருத்துச் சொல்ல அனுமதி பெற்றவர்கள் என்று ஊர்வாரியாகத் தேடலாம். ஒரு நிபந்தனை உண்டு: உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ இந்தக் கருத்தைப் பெற முடியாது. அறுவை சிகிச்சை நடப்பதால் ஆதாயம் உள்ளவர் நடுவராக இருக்கக்கூடாது என்பது அதன் நியாயம். தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அரசு முறையில் இருப்பதாகவே தெரிகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தவிக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து உங்களைக் கட்டிப்போடாது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, வாய்வார்த்தையாகவே திரும்பப் பெறலாம். இன்னொன்றும் சொல்கிறேன். என்ன செய்யப்போகிறார்கள், வேறு என்ன வழிகள் உண்டு என்பதை நோயாளிக்குப் புரியும்படி விளக்கிய பிறகு பெறுவதுதான் சம்மதம். 2013இல் வந்த நோயாளி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கணவரின் ஒற்றை வாக்கியத்தை நம்பித் தலையாட்டியது அந்த வகையில் சேராது.

காகிதங்கள்

மதுரை மருத்துவர் பார்த்தது என்ன? போனில் எடுத்த சில படங்கள். ஸ்கேன் அச்சுப்படத்தை மறுபடி போனில் படமெடுத்தால், கட்டி கர்ப்பப்பையின் உள்ளறையைத் தள்ளுகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி. அவரைக் குறை சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து, அக்கறையோடு, பாதுகாப்பான பக்கம் சாய்ந்து ஒரு பதில் சொன்னார். இரண்டாம் கருத்து என்ற பெயருக்கு அது போதாது, அவ்வளவுதான்.

உங்கள் மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள்: மகளிர் மருத்துவரின் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, அச்சுப்படமாக இல்லாமல் கணினியில் திறக்கும் ஸ்கேன் படங்கள், கடைசி இரண்டு ஆண்டுகளின் ரத்தப் பரிசோதனைகள், கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்காகச் செய்யும் பாப் சோதனையின் முடிவு, மருத்துவமனை எழுதிய ஆர்ட்ஸ்ட்பிரீஃப் எனும் மருத்துவர் கடிதம். முதல் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கே ஜெர்மனியிலிருந்து போனதுதான். எதற்கு என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

மருத்துவர் கடிதத்தில் அறுவை சிகிச்சையின் பெயர் இருக்கும் வரியைத் தேடிப் பாருங்கள். 'லாஷ்' என்று வாசிக்கும் நான்கெழுத்துச் சுருக்கம் இருந்தால், கர்ப்பப்பையின் உடல்பகுதியை மட்டும் எடுத்து வாய்ப்பகுதியை விட்டுவிடப் போகிறார்கள். 'டி.எல்.எச்.' என்றால் வாய்ப்பகுதியும் சேர்ந்து போகும். இரண்டும் லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவியை விட்டுச் செய்பவை, ஆனால் ஒன்றல்ல. வாய்ப்பகுதி இருந்தால் பாப் சோதனையைத் தொடர வேண்டும். மாதாமாதம் லேசாகத் துளி ரத்தம் தென்படவும் வாய்ப்புண்டு. எது உங்களுக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது.

கேட்க வேண்டிய கேள்வி

இன்னொரு மருத்துவரிடம் போகிற பலர் "ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. அப்படித் தேடினால் சொல்வதற்கு ஒருவர் எங்காவது கிடைப்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "என் உதிரப்போக்குக்குக் காரணம் இந்தக் கட்டிதானா? அதைக் குறைக்க எனக்குப் பொருந்தும் வழிகள் என்னென்ன? ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும்?"

கட்டியின் பருமனைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறிதாக இருந்தாலும் ரத்தத்தைக் கொட்டவைக்கும். அதைப் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகவே கருவியை விட்டு, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்துவிடலாம். வெளிப்பக்கம் தொங்கும் கட்டி பெரிதாக இருந்தாலும் பல சமயம் போக்கை உண்டாக்காது. உங்களுடையது சுவருக்குள் இருக்கிறது. அது உள்ளறையை எந்த அளவுக்கு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தே வழிகள் மாறும். அந்த இரண்டு சிறிய கட்டிகள் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். சமயத்தில் அந்தச் சிறியதில் ஒன்றுதான் ரத்தத்துக்குக் காரணமாக இருக்கும். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

உள்ளறை அதிகம் கோணவில்லை என்றால் ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி போன்ற சாதனத்தைப் பொருத்தலாம். பலருக்குச் சில மாதங்களில் போக்கு வெகுவாகக் குறைகிறது. கோணியிருந்தால் அது நழுவி வெளியே வந்துவிடலாம். ரெலுகோலிக்ஸ் என்ற மருந்தோடு ஹார்மோன்கள் சேர்ந்த தினசரி மாத்திரை ஒன்றுக்கு 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்திருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைத் தைத்துவிடும் அறுவை சிகிச்சை இன்னொன்று. இதில் புதிய கட்டிகள் வளர வாய்ப்புண்டு. ஆனால் 43 வயதில் நீங்கள் கடக்க வேண்டியிருப்பது மாதவிலக்கு நிற்கும் வரையுள்ள ஆண்டுகளைத்தான். அதற்குப் பிறகு நார்க்கட்டிகள் சுருங்கத் தொடங்கும். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கதிரியக்க நிபுணர் மெல்லிய குழாய் மூலம் நுண்துகள்களை விட்டு அடைக்கும் எம்போலைசேஷனும் உண்டு. இந்த ஒன்றை மகளிர் மருத்துவர்கள் பலர் தாங்களாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதைச் செய்பவர்கள் அவர்கள் இல்லை. நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு கர்ப்பப்பையை எடுப்பதே சரி என்று முடிவானாலும் அது தோல்வியல்ல. இரண்டு ஆண்டுகள் ரத்தம் இழந்து களைத்த ஒருவருக்கு, போக்கை முற்றிலும் நிறுத்தும், கட்டி திரும்பி வராத ஒரே வழி அதுதான். உங்கள் முதல் மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னதில் எட்டில் ஒரு பங்குதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்கிறேன்.

மொழிபெயர்க்கக் கணவரை அழைத்துப் போகாதீர்கள். அவர் நல்லவர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் கூச்சம் வந்த இடங்களில் எல்லாம் உங்கள் உடம்பைப் பற்றிய செய்தி நின்றுபோயிருக்கிறது. ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணை, ஊர்க்காரரோ வேலையிடத் தோழியோ, உடன் அழைத்துப் போங்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கான செலவை அங்கே காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஆங்கிலம் உங்களுக்குக் கைகொடுக்கும் என்றால் ஆங்கிலத்தில் பேசும் மருத்துவரையே தேடலாம். கேள்விகளை முன்பே ஜெர்மனில் எழுதி எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். மருத்துவர்கள் அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். நான் உட்பட எல்லாருக்கும் இது பொருந்தும்.

கேன்சரும் சினைப்பையும்

நார்க்கட்டி முற்றிக் கேன்சராவது என்பது நம் ஊரில் ஆழமாகப் பதிந்துவிட்ட பயம். கர்ப்பப்பைத் தசையில் வரும் சார்கோமா என்ற அரிய கேன்சர், பெரும்பாலும் நார்க்கட்டியிலிருந்து வளர்வதில்லை, தனியாகவே தோன்றுகிறது. சில சமயம் வெளிப்பார்வைக்கு நார்க்கட்டி போலவே தெரிவதுதான் சிக்கல். நார்க்கட்டி என்று நினைத்து அறுவை சிகிச்சைக்குப் போன பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இது மறைந்திருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் மதிப்பிட்டது. லேப்ராஸ்கோப்பியில் கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டுதுண்டாக அரைத்து எடுக்கும் கருவி, மறைந்திருக்கும் கேன்சரைப் பரப்பிவிடலாம் என்று எச்சரித்ததும் அப்போதுதான். ஆகவே இந்த பயத்துக்குச் சரியான பதில் அவசரப்படுவதில் இல்லை. "கட்டியின் தோற்றத்தில் சந்தேகப்பட ஏதாவது இருக்கிறதா? எடுத்தால் எப்படி வெளியே கொண்டுவருவீர்கள், பைக்குள் வைத்தா?" என்று கேட்பதில் இருக்கிறது. கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து திசு எடுத்துச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். நீண்ட நாள் போக்கு இருக்கும் உங்கள் வயதில் அது நியாயமான கேள்வி. உடல் பருமனோ சர்க்கரை நோயோ இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

சினைப்பைகளைச் சேர்த்து எடுக்கும் யோசனையை, கேன்சர் அபாயம் குடும்ப வழியில் இல்லாதவரை, நான் ஏற்க மாட்டேன். 43 வயதில் இரண்டையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் பருவம் ஓரிரு நாளில் வந்து இறங்கும்: உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, அதைவிட முக்கியமாக எலும்புத் தேய்மானமும் இதயநோய் அபாயமும். "எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்களே" என்பது ஆரோக்கியமான ஓர் உறுப்பை எடுக்கப் போதுமான காரணமில்லை. உங்கள் அம்மா, அக்கா தங்கை, அத்தை, சித்தி யாருக்காவது மார்பகக் கேன்சரோ சினைப்பைக் கேன்சரோ இளம் வயதில் வந்திருந்தால் மட்டும் கதை வேறு. அதை இரண்டாம் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பது வேறு விஷயம். பின்னாளில் சினைப்பைக் கேன்சர் வரும் அபாயத்தை அது குறைக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம்.

ஊருக்குப் போவதா?

"நம் தெருவில் எடுக்காதவர்கள் யார்?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அது ஆறுதல் வார்த்தை. எனக்கு அது வருத்தம் தரும் வார்த்தை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது இதைவிட வெகு அதிகம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்த அறுவை சிகிச்சைகள் குறித்த வழக்கில், இதைத் தடுக்கும் வழிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தெருவில் பலர் செய்துகொண்டார்கள் என்பது அது உங்களுக்குத் தேவை என்பதற்குச் சான்றாகாது.

மதுரையிலும் சென்னையிலும் இந்த அறுவை சிகிச்சையை மிக நேர்த்தியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திறமையைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. கணக்குதான் வேறு. திட்டமிட்டு இந்தியாவில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு ஜெர்மன் அரசு முறைக் காப்பீடு பணம் தராது. முழுச் செலவும் உங்கள் கையிலிருந்து போகும். நோய்விடுப்பில் முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தருகிறார். அதற்குப் பிறகு காப்பீடு தரும் நோய்க்காலப் பணத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமல் ஊரில் இருந்துகொண்டு பெற முடியாது. 8.4 ஹீமோகுளோபினோடு அவ்வளவு தூரம் பறப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சீக்கிரமே நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். மூன்று மாதம் தங்கினால் குடியிருப்பு அனுமதிக்கு ஆபத்தில்லை. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் அது காலாவதியாகும்.

அம்மா சொல்வதன் உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி, "உன்னையும் பையனையும் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பது. அதற்கு அங்கேயே வழி இருக்கிறது. வீட்டில் 12 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்து, தாய் மருத்துவமனையில் சேர்ந்து, வீட்டில் இருக்கும் வேறு யாராலும் வேலைகளைப் பார்க்க முடியாத நிலை என்றால், சமையலுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் உதவியாளருக்கான செலவைக் காப்பீடு ஏற்கும். ஹவுஸ்ஹால்ட்ஸ்ஹில்ஃபே என்று பெயர். உங்கள் மகனுக்கு ஒன்பது வயது. நாளொன்றுக்கு 5 முதல் 10 யூரோ உங்கள் பங்கு. அறுவை சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு அல்ல. அல்லது அம்மாவையே 90 நாள் விசாவில் வரவழையுங்கள். அவருக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். எடுத்த பிறகு அம்மா கையால் ரசம் சாப்பிட வேண்டும் என்பது சின்ன ஆசையில்லை, அதற்கு மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை.

எல்லாம் யோசித்தும் ஊரில்தான் செய்துகொள்வேன் என்றால் அதுவும் உங்கள் உரிமை. அப்போதும் இரண்டாம் கருத்தை ஜெர்மனியில் வாங்கிக்கொண்டு போங்கள். ஊர் மருத்துவரிடம் போனில் கேட்பது துணைக்கு நல்லது. ஆனால் இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான ஆலோசனையை உள்ளடக்கவில்லை. நேரில் பரிசோதிக்காமல் சொல்வதற்கு அவர் பொறுப்பேற்க முடியாது. திரும்பி வரும்போது அறுவை சிகிச்சைக் குறிப்பையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் ஜெர்மன் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இருவரும் வெவ்வேறாகச் சொன்னால்?

சொல்லக்கூடும். அப்போது மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருக்காதீர்கள். அவர்கள் வேறுபடுவது உண்மை விவரத்திலா, மதிப்பீட்டிலா என்று பாருங்கள். கட்டி உள்ளறையை அழுத்துகிறதா என்பதிலேயே கருத்து வேறுபட்டால் ஒரு எம்.ஆர்.ஐ. அதைத் தீர்த்துவிடும். விவரத்தில் ஒத்துப்போய், ஒருவர் எடுக்கலாம் என்றும் மற்றவர் முதலில் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னால், இரண்டுமே மருத்துவத்தில் சரியான பதில்கள். அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்குக் கர்ப்பப்பை எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள், அல்லது நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மருத்துவத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமுண்டு. எனக்குக் கர்ப்பப்பை இருக்க வேண்டும் என்பது, எம்போலைசேஷனையோ கட்டியை மட்டும் எடுப்பதையோ முதலில் பரிசீலிப்பதற்குப் போதுமான காரணம். அதை நிரூபிக்க வேண்டியதில்லை. கணவரிடமும் சொல்லுங்கள், அவர் மொழிபெயர்க்க வேண்டியிராத ஒரு நேரத்தில். இரண்டாம் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள், ஏனென்றால் அவர் சொல்லப்போகும் யோசனையே அதைப் பொறுத்து மாறும். தூக்கமில்லாமை தொடர்ந்தால் அதையும் குடும்ப மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இந்த வாரமே மருத்துவமனைக்கு போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். "இஷ் மோஷ்டே ஐனே ட்ஸ்வைட்மைனுங் ஐன்ஹோலன்" என்று ஒரு வாக்கியம் போதும்: இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். அதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்; அடுத்து எந்தத் தேதி வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.